இடது காது

கூண்டின் கதவு காளையின் கழுத்தைக் கவ்வியதும் டொமித்தீலா அதன் வலது காதை இடது கையால் வளைத்துப் பிடித்தாள். பிடித்ததுமே தெரிந்துவிட்டது, இதுவும் அப்படித்தான். காது முழுக்கச் சாணி. இரண்டு அடுக்கு லாரியில் மேல்தட்டு மாடுகள் போட்டதெல்லாம் கீழ்த்தட்டு மாடுகளின் தலையில் விழுந்து, டெக்சாஸிலிருந்து கான்சாஸ் வரைக்கும் வாடைக்காற்றில் உறைந்து, ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷால் தேய்த்தாள். பிரஷ் வழுக்கிக்கொண்டு போனது. மருந்துத் தண்ணீரில் முக்கித் தேய்க்கலாமென்றால் தட்டில் தண்ணீர் இல்லை, பனிக்கட்டி இருந்தது. ஊசியைத் துடைக்க வைத்திருந்த பஞ்சு கல்லாகக் கிடந்தது. தட்டுக்கு அடியிலிருந்த ஹீட்டர் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே புகைந்து செத்துப்போனது. அவளுக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

அவள் வேலை சின்ன வேலைதான். காதின் நடுப்பகுதியில், தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் ஊசியை நுழைத்து, துப்பாக்கியின் விசையை அழுத்திக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். மிளகளவு ஹார்மோன் குளிகைகள் உள்ளே வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். அவை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் இறங்க, தின்கிற அதே தீனிக்கு மாடு கூடுதலாகச் சதை போடும். ஆனால் அழுக்குக் காதில் அழுக்கு ஊசி போனால் சீழ் பிடிக்கும். சீழோடு குளிகையும் வெளியே வந்துவிடும். பிறகு போட்டதும் ஒன்றுதான், போடாததும் ஒன்றுதான்.

"மதினி, என்ன, காதுக்கு முத்தம் குடுக்கீங்களா? சட்டுன்னு விடுங்க!" என்று கத்தினான் கூண்டுக் கதவின் நெம்புகோலைப் பிடித்திருந்த ஃபெர்மீன். அவள் கணவன் பல்தசாரின் தம்பி. அவன் தொப்பியின் மேல் பனித்தூள் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"ஒன் காத மொதல்ல கழுவிட்டு வந்து பேசு. அதுலயும் இதே அளவு அழுக்குதான் இருக்கு."

"எங்காதுல குளிகை வெச்சா நொயெமி சந்தோஷப்படுவா. சதை போடச் சொல்லித்தான தெனமும் திட்டுறா."

அவள் சிரித்துக்கொண்டே கூண்டைச் சுற்றி மறுபக்கம் போனாள். இந்தக் காளையின் இடது காது சுத்தமாக, மயிர் தெரிய இருந்தது. பண்ணையின் அடையாள வில்லை போட்டிருந்ததைத் தவிர வேறொன்றும் இல்லை. குளிகை வலது காதில், வில்லை இடது காதில். அதுதான் இங்கே வழக்கம். வில்லையை விட்டுத் தள்ளி, நடுவில் இடம் இருந்தது. அவள் ஊசியைச் சட்டையின் உள்பக்கத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் நிக்குது? எதுக்கு நிக்குது?"

மேலே நடைபலகையில் மேனேஜர் ஹேவர்காம்ப் நின்றிருந்தார். ஒரு காதில் போன். மேற்கே வானம் ஈயம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. பனிப்புயல் வருவதற்குள் இந்த மந்தை முழுவதும் கூண்டைத் தாண்டி ஏழாம் பட்டிக்குள் போய்விட வேண்டும். இன்னும் பாதிக்கு மேல் வரிசையில் நின்றது.

"தொரை, வலது காதுல சாணி ஒறைஞ்சு கெடக்கு. தண்ணியும் ஒறைஞ்சு போச்சு. அழுக்குல குத்துனா சீழ் வச்சிரும். வலது மோசமா இருக்கிறதுக்கெல்லாம் இடது காதுல போட்டுரட்டுமா?"

"காது காதுதான், எதுலயாவது போடு! மாடு நிக்கக் கூடாது! ஓட்டு!" என்று தனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் இரைந்துவிட்டுப் போனில் வேறு யாரிடமோ பேசப் போய்விட்டார்.

ஃபெர்மீன் சிரித்தான். "கேட்டீங்கல்ல மதினி? காது காதுதானாம். வாலுல போடச் சொல்லாம விட்டாரே."

மாலைக்குள் மந்தை முடிந்தது. வலது காது சுமாராக இருந்ததற்கு வலதில், மோசமாக இருந்ததற்கு இடதில். ஒவ்வொன்றிலும் ஊசியை எடுத்தபின் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தோலுக்கு அடியில் குளிகைகள் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக நெருடின. உடையவில்லை, சிதறவில்லை. அவளுக்குக் கை விரல் ஒன்றில்கூட உணர்ச்சியில்லை. ஆனாலும் கட்டைவிரல் மட்டும் எப்படியோ விழித்திருந்தது.

பண்ணை கொடுத்திருந்த தகர வீடு தீவன ஆலைக்குப் பின்னால் இருந்தது. மக்காச்சோளத்தை ஆவியில் வேகவைத்து அவல் மாதிரித் தட்டுகிற வாசனை இரவும் பகலும் அதன் சன்னலில்தான் வந்து மோதும். பல்தசார் கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தான். போன வருடம் வரைக்கும் அவன் தீவன லாரி ஓட்டினான். பட்டிக் கதவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஒரு காளை அவனை வைத்து நசுக்கியதில் இடுப்பு போயிற்று. அவன் வேலை போனாலும் அவள் கூண்டில் நிற்கிறவரைக்கும் வீடு இருக்கும். அப்படி யாரும் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"ஏழாம் பட்டிக்குச் சோளத்த ஒரு படி ஏத்திட்டான்" என்றான் அவன், அவள் உள்ளே வந்ததும். "லாரி கனமாப் போகுது, கேளு."

"படுத்துக்கிட்டே பண்ணைய நடத்துறீங்க."

"வேற என்ன வேலை எனக்கு? வந்த ஒடனே புல்லக் கொறச்சுச் சோளத்தக் கொட்டிராம இருந்தாச் சரி. வயிறு புளிச்சு நாலு விழுந்தாத்தான் இவனுகளுக்குப் புத்தி வரும்." அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். "ஐஸ் மாதிரி இருக்கு. எங்காதுலயும் ஒண்ணு வெச்சு விடேன் டொமி. நானும் சதை போட்டு எந்திரிச்சிருவேன்."

"ஒங்களுக்கு ரெண்டு காதுலயும் வெக்கணும்."

அடுப்பில் ரொட்டியைச் சூடாக்கி, பீன்ஸை மசித்துத் தடவி, மிளகாய் ஊறுகாயுடன் அவனுக்குக் கொடுத்தாள். தின்கிறபோது இடது காது விஷயத்தைச் சொன்னாள். அவன் மெல்வதை நிறுத்தினான்.

"தொரை அவரு வாயாலயே சொன்னாரா?"

"சொன்னாரு."

"கூட யாருக்கும் கேட்டுச்சா?"

"ஒங்க தம்பிக்குத்தான். சிரிச்சான்ல."

"அப்பச் சரி" என்று மறுபடி மெல்ல ஆரம்பித்தான்.

புயல் வந்து போனது. பனி உருகிச் சேறானது. மந்தை சோளத்துக்குப் பழகித் தொட்டியை நக்கி வைக்கத் தொடங்கியது. டொமித்தீலா வேறு மந்தைகளுக்குக் குளிகை வைத்துக்கொண்டிருந்தாள். பல்தசாருடைய இடுப்பைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வெகுநாள் காத்திருந்து கிடைத்த தேதிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு விச்சிட்டா போனாள். வெட்டித் திறக்க வேண்டும், அதற்கும் வரிசை இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். நாலைந்து நாள் அங்கேயே ஒரு உறவுக்காரர் வீட்டில் கழிந்தது.

திரும்பி வந்த மறுநாள் காலை ஏழாம் பட்டியைத் தாண்டி வேலைக்கு நடந்தபோது அவள் கால் தானாக நின்றது. பட்டியில் இருப்பவை எல்லாம் காயடித்தவை. சாதாரணமாகத் தின்னும், படுக்கும், அசைபோடும். இப்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பொலிகாளைபோலக் கழுத்தைத் தூக்கிக் கத்தின. தொட்டியில் அவல் ஆவி பறக்கக் கிடந்தது, பாதிக்கு மேல் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் ஒரு சிவப்புக் காளையைச் சுற்றி ஐந்தாறு நின்று மாற்றி மாற்றி ஏறின. அதன் வால்மேட்டில் மயிரே இல்லை, தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. அது வேலியில் தலையை முட்டுக் கொடுத்து நின்று பார்த்தது. பிறகு முன்கால் மடங்கியது.

அவளும் குதிரையில் வந்த ஒருவனுமாக அதைப் பிரித்துச் சீக்குப் பட்டிக்கு ஓட்டினார்கள். அங்கே போனதும் படுத்துவிட்டது. அவள் அதன் தலைமாட்டில் குந்தி இடது காதைத் தடவினாள். குளிகைகள் இருந்தன. அவள் வைத்தவைதான், அதே வரிசை, வில்லையை விட்டுத் தள்ளி. மனசு ஏனோ ஒப்பாமல் வலது காதையும் தடவினாள். அதிலும் இருந்தன. ஒரு வாரம்கூட ஆகாத துளை, பொருக்குத் தட்டியிருந்தது.

அவள் எழுந்து நேரே கூண்டுக்கு நடந்தாள்.

ஃபெர்மீன் கூண்டுக்குப் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குவளைக்குள் பார்த்தான்.

"அண்ணனுக்கு என்ன சொன்னாங்க மதினி?"

"அது கெடக்கட்டும். ஏழாம் பட்டிக்கு மறுபடி யார் போட்டது?"

அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மருந்துக் கம்பெனிக்காரன் ஒருவன் காது பார்க்க வந்தான். எப்போதும் வருவதுதான், சும்மா நாலு மாட்டைப் பிடித்துத் தடவிப் பார்ப்பான். வலது காதைத் தடவினான், ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. 'இங்க வலது காதுதானே?' என்று கேட்டான். 'வலதுதான், எப்பவும் வலதுதான்' என்றார் தொரை. மாட்டின் சொந்தக்காரரும் அன்றைக்குப் பார்த்து வந்திருந்தார். மந்தையைத் திரும்பக் கூண்டுக்கு ஓட்டி, வெளியிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூப்பிட்டு, வலது காது காலியாக இருந்ததற்கெல்லாம் மறுநாளே குளிகை வைத்துவிட்டார்கள்.

"நீ எங்க இருந்த?"

"இங்கதான். கதவப் பிடிச்சுக்கிட்டு."

"வாயத் தொறந்து இடது காதப் பாருங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"தொரை நிக்காரு, சொந்தக்காரன் நிக்கான், டை கட்டுன ஒருத்தன் நிக்கான். எல்லாம் இங்கிலீஷு. நடுவுல பூந்து, 'தொரை, நீங்கதான எதுல வேணும்னாலும் போடச் சொன்னீக'ன்னு நான் சொல்லவா?" அவன் காப்பியின் அடியைத் தரையில் ஊற்றினான். "அவருக்கு மறந்துபோச்சு மதினி. சத்தியமா மறந்துதான் போச்சு. மூஞ்சியப் பாத்தேன்."

ஹேவர்காம்ப் அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார். காப்பிகூட ஊற்றிக் கொடுத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. பல்தசார் நசுங்கிக் கிடந்தபோது தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஓட்டியவர் அவர்தான்.

"எத்தன வருஷமா இருக்க டொமி? ஒம்மேல ஒரு சொல் வந்ததில்ல. குளிகைய வெக்காம விட்டியா, இல்ல வெளிய எவனுக்கும் குடுத்தியா? எங்கிட்டச் சொல்லிரு."

"ஒண்ணக்கூட விடல தொரை. இடது காதுல இருக்கு. நீங்கதான் சொன்னீங்க, காது காதுதான்னு. புயல் வந்த அன்னிக்கு, நடைபலகையில நின்னு. சீக்குப் பட்டில செவப்புக் காளை படுத்திருக்கு, வந்து தடவிப் பாருங்க. ரெண்டு காதுலயும் இருக்கு. அதனாலதான் ஏழாம் பட்டி இப்பிடி மதம் பிடிச்சு ஆடுது."

அவர் முகம் வெளிறியதை அவள் பார்த்தாள். நினைவு வந்துவிட்டது. அது வந்த நிமிஷமும், அதை அவர் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திய நிமிஷமும் அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய் நிஜக் கதவையும் சாத்திவிட்டு வந்தார்.

"நான் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் மெதுவாக.

"ஃபெர்மீனக் கேளுங்க. பக்கத்துலதான் நின்னான்."

ஃபெர்மீனைக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அதன் விளிம்பை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தான். டொமித்தீலா அவனையே பார்த்தாள். இவனுக்குக் கல்யாணத்துக்குச் சட்டை தைத்துக் கொடுத்தவள் அவள். இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவன் அவன் அண்ணன்.

"அன்னிக்குக் காத்து பயங்கரமா அடிச்சுது தொரை" என்றான். "நான் தொப்பிய இழுத்துக் காத மூடியிருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"ஃபெர்மீனு."

"கேக்கல மதினி."

அவன் போனபிறகு ஹேவர்காம்ப் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாட்டின் சொந்தக்காரர் தினமும் போன் பண்ணுகிறார் என்றார். குளிகையே வைக்காமல் விட்ட வேலைக்காரி என்றால் அவர் கத்திவிட்டு விட்டுவிடுவார். இரண்டு தடவை வைத்துவிட்டோம், அதனால்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறிச் சாகிறது என்றால் மந்தையையே எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு எத்தனை பேருக்கு வேலை போகும், நீயே யோசித்துப் பார் என்றார். இடது காது என்ற பேச்சு இந்த அறையோடு இருக்கட்டும். அவளை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பல்தசாருக்கு உடம்பு முடியாததால் வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசிவரை தருகிறேன் என்றார்.

"அப்ப நான் திருடின்னே இருக்கட்டுமா தொரை?"

"திருடின்னு யாரு சொன்னா? வேல சரியில்லன்னுதான் சொல்வேன்."

அவள் எழுந்தாள். எதையாவது எடுத்து எறியலாம்போல் இருந்தது. எறிந்தால் மாதக் கடைசி இன்றைக்கே வந்துவிடும். காப்பிக் குவளையை மேசையில் ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பல்தசார் கேட்டு முடித்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். திரும்புவதற்கே அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"அவன நான் தூக்கி வளத்தேன்" என்றான் சுவரிடம்.

"அவனுக்கும் புள்ளைங்க இருக்கு."

"நீயும் அவனுக்குத்தான் பேசு."

"நான் யாருக்கும் பேசல. எனக்கு அவங் கழுத்தப் பிடிச்சு நெறிக்கணும்போலத்தான் இருக்கு. நெறிச்சா ஒங்க இடுப்பு சரியாயிருமா?"

பக்கத்துப் பண்ணைகளில் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். பெயரைச் சொன்னதும், ஆள் வேண்டுமென்றால் சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். குளிகையை வைக்காமல் விட்ட பெண் என்ற பேச்சு அவளுக்கு முன்னாலேயே வண்டியேறிப் போயிருந்தது. இடது காதில் வைத்தேன் என்று ஒரே ஒரு இடத்தில் சொன்னாள். அந்த மனிதர் தலையாட்டிவிட்டு, "எல்லாரும் வலதுலதானேம்மா வெப்பாங்க" என்றார்.

சிவப்புக் காளை எழுந்திருக்கவே இல்லை. அதைச் சங்கிலி போட்டு இழுத்துப்போனபோது அவள் வீட்டு வாசலில் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஏழாம் பட்டியிலிருந்து இன்னும் சில அதே வழியில் போயின. எந்தக் காதையும் யாரும் தடவிப் பார்க்கவில்லை.

மாதக் கடைசியில், சாமான்களை ஒரு தெரிந்தவருடைய வண்டியில் ஏற்றி, பல்தசாரை முன் இருக்கையில் தலையணை வைத்து உட்காரவைத்துவிட்டு, பண்ணை கொடுத்திருந்த மேலங்கியையும் ரப்பர் பூட்ஸையும் திருப்பிக் கொடுக்கக் கூண்டுக் கொட்டகைக்குப் போனாள். ஆபீசில் வாங்கமாட்டார்கள், அங்கேதான் ஆணியில் மாட்ட வேண்டும். வெளியே மறுபடி உறையத் தொடங்கியிருந்தது. கையுறைகள் அந்தப் பூட்ஸுக்குள் இருந்தன. அவள் கை வெறுங்கையாக இருந்தது.

கூண்டில் காளை ஒன்று நின்றது, நெம்புகோலில் ஃபெர்மீன். குளிகைத் துப்பாக்கி ஃபெர்மீனின் மனைவி நொயெமியின் கையில் இருந்தது. அவள் டொமித்தீலாவைப் பார்த்ததும் திடுக்கிட்டு, காதைப் பிடித்த பிடியை விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள்.

"அக்கா" என்றாள்.

"நடுவுல போடு" என்றாள் டொமித்தீலா. "ஊசிய வெளிய இழுத்துக்கிட்டே விசைய அழுத்து. இல்லாட்டி ஒடைஞ்சிரும்."

மேலங்கியை ஆணியில் மாட்டினாள். திரும்பியபோதுதான் தட்டைப் பார்த்தாள். புதுத் தட்டு, பளபளவென்று. அதற்கு அடியில் புது ஹீட்டர், சிவப்பு விளக்கு எரிந்தது. மருந்துத் தண்ணீரிலிருந்து ஆவி மெல்ல எழுந்துகொண்டிருந்தது. பஞ்சு மெத்தென்று ஊறிக் கிடந்தது. பக்கத்தில் புது பிரஷ்ஷும் இருந்தது.

அவள் போய் இரண்டு கைகளையும் அதற்குள் விட்டாள். எதற்காகவென்று அவளுக்கே தெரியவில்லை. வெதுவெதுப்பு மணிக்கட்டுவரை ஏறியது. விறைத்துக் கிடந்த விரல்கள் ஒவ்வொன்றாக வலிக்க ஆரம்பித்தன.

மேலே நடைபலகையில் பூட்ஸ் சத்தம் கேட்டது. ஹேவர்காம்ப் வந்து கைப்பிடியில் சாய்ந்து நின்றார். கீழே பார்த்தார். ஃபெர்மீன் அவரை நிமிர்ந்து பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். நெம்புகோலை விடாமல் அவளருகே குனிந்தான்.

"மதினி" என்றான், பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். "கைய எடுங்க. தண்ணி அழுக்காயிரும்."